சிற்றூர்களுக்குக் கோபுரம் கட்டியவர்

"எங்கள் ஊருக்கு யார் வந்தாலும் முதலில் கல்லறைத் தோட்டத்துக்குத்தான் அழைத்துப் போவோம்" என்று அலுவலக நண்பர் சொன்னபோது, நான் தவறாகப் புரிந்துகொண்டேனோ என்று நினைத்தேன். அர்ஜென்டினாவின் தலைநகரான புவெனோஸ் ஐரெசில் வேலைக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. ஸ்பானிய மொழி மெல்ல மெல்லப் பிடிபட்டுக்கொண்டிருந்தது. திரும்பவும் கேட்டேன். அவர் அதையேதான் சொன்னார். ஆற்றங்கரை இல்லையா, தேவாலயம் இல்லையா என்றேன். "அதெல்லாம் இருக்கிறது. ஆனால் முதலில் கல்லறைத் தோட்டம்."

அந்த வெள்ளிக்கிழமை மாலை மூன்றாம் எண் நெடுஞ்சாலையில் தெற்கே கிளம்பினோம். அவருடைய ஊர் அசூல். 'நீலம்' என்று பொருள். தலைநகரிலிருந்து 300 கிலோமீட்டர். ஊர் எல்லை தாண்டியதும் பாம்பா வெளி தொடங்கிவிடும். மேடு பள்ளம் கிடையாது. புல், மாடு, கம்பி வேலி, தொலைவில் ஒரு வரிசை யூக்கலிப்டஸ், மறுபடியும் புல். மணிக்கணக்காக ஓட்டினாலும் ஒரே இடத்தில் நிற்பது போலத்தான் இருக்கும். இந்த நிலத்தில் எது பத்து மீட்டர் உயர்ந்து நின்றாலும் கண் அதைத்தான் பிடித்துக்கொள்ளும். இதை அப்போது வெறும் காட்சியாகப் பார்த்தேன். மறுநாள் காலைதான் இதில் ஒருவருடைய வாழ்க்கையின் சூட்சுமமே அடங்கியிருக்கிறது என்று தெரிந்தது.

மறுநாள் காலை. ஒற்றை மாடி வீடுகள், நடைபாதை மரங்கள், சைக்கிளில் போகும் பிள்ளைகள். தெரு முடியும் இடத்தில், எதிர்பாராமல், மூன்று எழுத்துகள் நின்றன. ஆர், ஐ, பி. 'அமைதியில் இளைப்பாறுக' என்ற லத்தீன் வாக்கியத்தின் முதலெழுத்துகள். சாதாரணக் கல்லறைக்கல்லில் விரல் நீளத்துக்குச் செதுக்கியிருப்பார்கள். இங்கே அவை ஆறேழு மாடி உயரத்துக்கு எழும்பி நிற்கின்றன. முன்னால் ஒரு தேவதூதர், இரு கைகளாலும் வாளைப் பிடித்தபடி. முகம், அங்கி, சிறகு எல்லாமே வைரத்தைப் பட்டை தீட்டியது போலத் தளம் தளமாக வெட்டப்பட்டவை. சாந்தமான முகம் அல்ல. வாசலைக் காக்கும் முகம்.

நான் கட்டடப் பொறியாளன். இருபது வருடமாக கான்கிரீட்டோடு பழகுகிறேன். எந்தக் கட்டடத்தைப் பார்த்தாலும் சுமை எங்கே இறங்குகிறது, சென்ட்ரிங் எப்படி அடித்திருப்பார்கள், எத்தனை நாள் விட்டுப் பலகை பிரித்திருப்பார்கள் என்றுதான் மனம் ஓடும். அன்றைக்கு அதெல்லாம் வெகுநேரம் கழித்துத்தான் ஓடியது. நண்பர் பூக்களை எடுத்துக்கொண்டு தன் அம்மாவின் கல்லறைக்கு உள்ளே போய்விட்டார். நான் வாசலிலேயே நின்றேன். அவர் திரும்பி வந்து "யார் கட்டியது தெரியுமா?" என்றார். தெரியாது. "சலமோனே. இத்தாலிக்காரர். இங்கே மட்டுமல்ல, சுற்றி இருபது முப்பது ஊரிலும் அவர்தான்."

அந்தப் பெயர் பிறகு என்னை விடவில்லை. வார இறுதிகளில் அடுத்தடுத்து ஊர்கள், இரவுகளில் படிப்பு. இதை எழுத உட்கார்ந்திருப்பதும் அதனால்தான். சின்ன ஊர்களுக்குக் கட்டடம் வரைகிற எங்களைப் போன்றவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய மனிதர் அவர் என்பது என் உறுதியான எண்ணம்.

பிரான்செஸ்கோ சலமோனே 1897-இல் சிசிலித் தீவின் நடுவில் இருக்கும் லெயோன்ஃபோர்த்தே என்ற மலையூரில் பிறந்தவர். தகப்பனாரும் கட்டடக் கலைஞர். குடும்பம் அர்ஜென்டினாவுக்குக் கப்பலேறியபோது இவர் சிறுவன். அந்தக் காலத்தில் அது தனிக்கதை இல்லை. 1914 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது அர்ஜென்டினாவில் இருந்தவர்களில் நூற்றுக்கு 30 பேர் வேறு நாட்டில் பிறந்தவர்கள். அவர்களில் இத்தாலியர்களே அதிகம். பிரான்செஸ்கோ பிரான்சிஸ்கோ ஆனார். புவெனோஸ் ஐரெசின் ஓத்தோ கிரவுசே தொழில்நுட்பப் பள்ளியில் படித்தார். பிறகு கோர்தொபாவில் கட்டடக்கலை, பொறியியல் இரண்டிலும் பட்டம் பெற்றார். இந்த இரண்டும் ஒரே ஆளிடம் இருந்தது முக்கியம். வரைபவர் ஒருவர், 'இது நிற்காது' என்று தடுப்பவர் இன்னொருவர் என்ற வழக்கமான இழுபறி அவருடைய மேசையில் இல்லை.

கோர்தொபா மாகாணத்தின் சிற்றூர்களில் பூங்காவும் சதுக்கமும் தெருத்தளமும் போட்டு ஆரம்பகால வருடங்களைக் கழித்தார். விய்யா மரியாவில் அவர் அமைத்த சதுக்கம் இன்னும் இருக்கிறது. இந்தப் பதினைந்து இருபது வருடத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆயிரம் பேர் செய்திருக்கக்கூடிய வேலை. நாற்பதை நெருங்கும் வயதில்தான் அவருக்கு அந்தக் கதவு திறந்தது.

கதவைத் திறந்தவர் நல்லவர் இல்லை. அதை மறைத்து எழுத எனக்கு மனம் வரவில்லை. 1936-இல் புவெனோஸ் ஐரெஸ் மாகாண ஆளுநராகப் பதவியேற்ற மானுவேல் ஃபிரெஸ்கோ ஒரு மருத்துவர், பழமைவாதி, முசோலினியைப் போற்றியவர். அவரைப் பதவிக்குக் கொண்டுவந்த தேர்தல் மோசடித் தேர்தல். அந்தப் பத்தாண்டையே அர்ஜென்டினாக்காரர்கள் 'இழிந்த பத்தாண்டு' என்றுதான் சொல்கிறார்கள். வாக்கை இரகசியமாகப் போடக்கூடாது, வாக்குச்சாவடியில் எல்லார் முன்னாலும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்று வெளிப்படையாக வாதிட்ட ஆள் அவர். அதே ஆள்தான் மாகாணத்தின் உள்ளூர்களுக்குச் சாலை, பள்ளி, மருத்துவமனை, நகராட்சிக் கட்டடம், இறைச்சிக்கூடம், கல்லறைத் தோட்டம் என்று பணத்தை வாரி இறைத்தார். உலகப் பொருளாதார மந்தத்தில் வேலையின்றிக் கிடந்த கைகளுக்கு வேலை கிடைத்தது. அரசு இருக்கிறது, வலுவாக இருக்கிறது என்று புல்வெளியின் கடைசி ஊருக்கும் காட்ட வேண்டும் என்பது அவருடைய நோக்கம். அதற்கு உயரம் தேவைப்பட்டது. உயரத்தை வரையத் தெரிந்தவர் சலமோனே.

1936-லிருந்து 1940 வரை நான்கே வருடம். ஏறக்குறைய 25 நகராட்சிகளில் 60-க்கும் மேற்பட்ட கட்டடங்கள். இந்த எண்ணிக்கையை நான் பல தடவை சரிபார்த்தேன். சைட் அனுபவம் உள்ளவர்களுக்கு இதன் பாரம் தெரியும். கணினி இல்லை. ஆயத்தக் கலவை லாரி இல்லை. மழை பெய்தால் மண்பாதைகள் சேறாகிவிடும். ஒரு ஊரில் அடித்தளம் தோண்டும்போது அடுத்த ஊரில் கம்பி கட்டிக்கொண்டிருப்பார்கள், அதற்கடுத்த ஊரில் கோபுரத்துக்குச் சாரம் ஏறிக்கொண்டிருக்கும். பாம்பாவின் பெரும்பகுதி ஆழமான வண்டல் மண். தோண்டினால் கல்லே கிடைக்காது. ஆனால் ரயில் இருந்தது, சிமெண்ட் இருந்தது. அசூலுக்குப் பக்கத்து நகரமான ஒலவர்ரியாவில் 1920-களிலேயே பெரிய சிமெண்ட் ஆலை வந்துவிட்டது. அச்சில் வார்க்கக்கூடிய கலவைதான் அந்த நிலத்துக்கு வாய்த்த கல். அதை முழுசாகப் புரிந்துகொண்டவர் இவர். கல்லைச் செதுக்கிப் பூ வேலை செய்யும் கைகளை அந்தச் சிற்றூர்களில் எங்கே தேடுவது? ஆனால் பலகையை நேர்கோட்டில் அடிக்கிற தச்சர் எந்த ஊரிலும் கிடைப்பார். சலமோனேயின் வடிவங்களை உற்றுப் பார்த்தால் தெரியும். படிப்படியாக ஒடுங்கும் பட்டைகள், செங்குத்துக் கோடுகள், முக்கோண மடிப்புகள். எல்லாமே பலகை அடித்து வார்க்கக்கூடியவை. ஆர்ட் டெக்கோ என்று அந்தப் பாணிக்குப் பெயர் சொல்வார்கள். அது சரிதான். எனக்கென்னவோ அந்தத் தச்சர்களின் கையைக் கணக்கில் வைத்துப் பிறந்த வடிவங்களாகவே அவை படுகின்றன.

அவர் கட்டியவை பெரும்பாலும் மூன்று வகைதான். நகராட்சி மன்றம், இறைச்சிக்கூடம், கல்லறை வாசல். ஊரை நடத்துவது, ஊருக்குச் சோறு போடுவது, ஊரைப் புதைப்பது. ஒரு ஊர் தன் கையால் செய்தாக வேண்டிய வேலைகள் அநேகமாக இவ்வளவுதான்.

நகராட்சி மன்றங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். ரவுச், லப்ரிதா, கரோனேல் பிரிங்லெஸ், தோர்ன்குவிஸ்ட், குவாமினி, பெய்யெக்ரினி, கார்வே. பெரும்பாலும் ஒரே அமைப்பு: இருபுறமும் தாழ்ந்த அலுவலகச் சிறகுகள், நடுவில் கோபுரம். அந்தக் கோபுரங்கள் ஊர்த் தேவாலயத்தின் மணிக்கூண்டைவிட உயரம். ஃபிரெஸ்கோ விரும்பியது அதைத்தான் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள், இருக்கட்டும். ஆனால் ஒவ்வொரு கோபுரமும் வேறு. நான் பார்த்த வரையில் ஒன்றைப் போல இன்னொன்று இல்லை.

இந்த இடத்தில் என் சொந்த நினைவு ஒன்றைச் சொல்ல வேண்டும். வேலையில் சேர்ந்த புதிதில் ஓர் அரசுத் திட்டத்துக்கு அலுவலகக் கட்டடங்கள் வரைந்து கொடுக்கும் குழுவில் இருந்தேன். ஒரே டைப் பிளான். ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி, எஸ்டிமேட்டைத் திருத்தி, பதினோரு ஊருக்கு அனுப்பினோம். அதில் ஓர் ஊர் மழை கொட்டும் மலையடிவாரம். இன்னொன்று அனல் பறக்கும் செம்மண் காடு. ஜன்னலின் திசையைக்கூட மாற்றவில்லை. கேட்டேன். "சின்ன ஊர்தானே, போதும்" என்று மேலே இருந்தவர் சொன்னார். நானும் கையெழுத்துப் போட்டேன். அந்தச் 'சின்ன ஊர்தானே' என்ற சொல் பல வருடம் எனக்குள் முள்ளாகக் கிடந்தது. சலமோனேயின் நான்கு வருடத்தைப் படித்தபோதுதான் அந்த முள் எது என்றே தெரிந்தது. எங்களைவிட அவருக்கு அவசரம் அதிகம், ஆள் குறைவு, தூரம் அதிகம். டைப் பிளான் போட எல்லா நியாயமும் அவருக்கு இருந்தது. அமைப்பை மட்டும்தான் திரும்பப் பயன்படுத்தினார். முகத்தைத் திரும்பக் கொடுக்கவில்லை. ரவுச்சின் கோபுரம் ரவுச்சுக்குத்தான், பிரிங்லெசின் கோபுரம் பிரிங்லெசுக்குத்தான்.

கோபுரத்தோடும் அவர் நிற்கவில்லை. பிரிங்லெசில் மன்றக் கட்டடத்தைச் சுற்றியிருக்கும் சதுக்கம், அதில் விளக்குக் கம்பங்கள், பெஞ்சுகள் வரை அவர் வரைந்தவை. அசூலின் சான் மார்த்தின் சதுக்கத்தில் தரை ஓடுகளை அலைபோல அடுக்கியிருக்கிறார். நடந்தால் தரையே நெளிகிற மாதிரி இருக்கும். நண்பர் சின்ன வயதில் அதன்மேல் ஓடி விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்ட கதையை, இடத்தைக் காட்டியே சொன்னார்.

இறைச்சிக்கூடங்களுக்கு வருகிறேன். எனக்கு மிகவும் பிடித்தவை இவைதான். அதைக் கேட்டுப் பலர் முகம் சுளித்திருக்கிறார்கள். மாடு அர்ஜென்டினாவின் சோறு. ஆனால் அந்தச் சிற்றூர்களில் மாட்டை வெட்டிய விதம் அப்போது சுத்தமானதாக இல்லை. வெட்டவெளியில், தரையில், ஈ மொய்க்க. நோய் பரவும் என்பது ஆளுநராக இருந்த மருத்துவருக்குத் தெரிந்திருக்கும். நகராட்சி தன் பொறுப்பில் ஓர் இடம் கட்டி, அங்கே மட்டும்தான் வெட்டலாம், அங்கேயே பரிசோதிக்கலாம் என்று கொண்டுவந்தார்கள். ஒருபுறம் மாடுகள் வரும் பட்டி, மறுபுறம் இறைச்சி ஏற்றும் வாசல். நடுவில் கழுவிவிடத் தோதான தளம், வடிகால், மேலே உடலைத் தொங்கவிட்டு நகர்த்தும் தண்டவாளம். எல்லாவற்றுக்கும் மேலாகத் தண்ணீர். நிறையத் தண்ணீர், நல்ல அழுத்தத்தோடு.

அழுத்தம் வேண்டுமென்றால் தொட்டியை உயரத்தில் வைக்க வேண்டும். வேறு யாராக இருந்தாலும் நான்கு கால் நட்டு, மேலே ஒரு தொட்டியை வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். சலமோனே அந்தத் தொட்டிக்கு ஒரு கோபுரம் கட்டினார். சில ஊர்களில் அந்தக் கோபுரத்தை அப்படியே கத்தியின் அலகாக ஆக்கினார். வானத்தை நோக்கி நட்டுவைத்த கசாப்புக் கத்தி. அதன்மேல் பெரிய எழுத்துகளில் 'மத்தாதேரோ', அதாவது வெட்டுமிடம். ஒளிவுமறைவு இல்லை. உங்கள் தட்டில் இருப்பது இங்கிருந்துதான் வருகிறது என்று ஊருக்கு நேராகச் சொல்லும் கட்டடம். கசாப்பு வேலையை எந்தச் சமூகமும் ஊரின் ஓரத்துக்குத் தள்ளி, பெயர் சொல்லாமல்தான் வைத்திருக்கும். இவரும் ஊரின் ஓரத்தில்தான் கட்டினார். ஆனால் தேவாலயத்துக்கும் மன்றத்துக்கும் எவ்வளவு யோசிப்பார்களோ அவ்வளவு யோசித்துக் கட்டினார். அங்கே இரத்தத்தில் நின்று வேலை செய்தவர்களுக்கு அதற்கு முன் யாராவது அப்படி ஒரு வாசலைக் கட்டிக் கொடுத்திருப்பார்களா? பல்கார்சே, அசூல், பிரிங்லெஸ், குவாமினி என்று ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று இதையேதான் நினைத்தேன்.

கல்லறை வாசல்களில் அசூலுக்குப் பிறகு நான் பார்த்தது லப்ரிதா. ஊரே சிறியது. வாசலில் இருக்கும் சிலுவை ஏறத்தாழ பத்து மாடி உயரம், அதன்மேல் கிறிஸ்து. ரொம்பத் தூரத்தில் வரும்போதே தெரிந்துவிடும். பக்கத்தில் வரவர அந்த உயரம் என்னைக் கொஞ்சம் அழுத்தியது என்பதையும் சொல்ல வேண்டும். அங்கே என்னால் நெடுநேரம் நிற்க முடியவில்லை.

சல்துங்கராய் அப்படியில்லை. வெந்தானா மலைத்தொடரின் அடிவாரத்தில் ஒரு குட்டி ஊர். வயலின் நடுவே ஒரு பிரம்மாண்டமான சக்கரம் நிமிர்ந்து நிற்கிறது. சக்கரத்துக்குள் சிலுவை. சிலுவையின் நடுவில் உடல் இல்லாமல் கிறிஸ்துவின் தலை மட்டும். 1938-இல் முடிந்த வேலை. சலமோனேயோடு பல ஊர்களில் பணிபுரிந்த சந்தியாகோ கியேரிகோ என்ற சிற்பியின் கை. நான் போன அன்று காற்று பலமாக அடித்தது. சக்கரத்தின் முன்னால் ஓர் அம்மையார் செருப்பிலிருந்து சேற்றைத் தட்டிக்கொண்டிருந்தார். எங்கிருந்து வருகிறாய் என்று கேட்டார். சொன்னேன். "இவ்வளவு தூரம் இதைப் பார்க்கவா?" ஆமாம் என்றேன். "எங்கள் தாத்தா ஸ்பெயினிலிருந்து வந்தார். பாட்டி இத்தாலி. இரண்டு பேரும் உள்ளேதான் இருக்கிறார்கள்" என்று சக்கரத்தைக் காட்டினார்.

அவர் போன பிறகு அந்தப் பேச்சையே அசைபோட்டுக்கொண்டிருந்தேன். இந்த ஊர்களுக்கு வயது அதிகமில்லை. 1870-களில் பழங்குடி மக்களைப் போரிட்டு விரட்டிய எல்லைக்கோட்டில் முளைத்த இராணுவ முகாம்கள் பல. பிறகு ரயில் வந்தது, கோதுமை வந்தது, கப்பலிலிருந்து இறங்கியவர்கள் வந்தார்கள். சலமோனே வந்தபோது பல ஊர்களில் முதல் தலைமுறையே அப்போதுதான் சாகத் தொடங்கியிருந்தது. கடலுக்கு அப்பால் பிறந்து இங்கே புதைக்கப்படும் மனிதர்கள். அவர்களின் அப்பன் பாட்டன் எலும்புகள் ஸ்பெயினின் கலீசியாவிலும் இத்தாலியின் சிசிலியிலும் கிடந்தன. ஒரு நிலத்தைச் சொந்த ஊர் என்று சொல்ல, அதில் நம்முடையவர்கள் யாராவது புதைந்திருக்க வேண்டும் என்ற உணர்வு நமக்குத் தெரியாததா? அந்த முதல் கல்லறைகளுக்கு வாசல் அமைத்தவரும் கப்பலில் வந்தவரே. லெயோன்ஃபோர்த்தேயில் ஊரே மலைமேல் ஏறி நிற்கும். எங்கே நின்றாலும் ஊர் தெரியும். பாம்பாவின் பெரும்பகுதியில் மலை இல்லை, பத்துக் கல் தள்ளிப் போனால் ஊர் தரையோடு தரையாக மறைந்துவிடும். சிறுவயதில் விட்டுவந்த அந்த மலையூர் அவர் மனதில் இருந்ததா என்று சொல்ல முடியாது. ஆனால் அவருடைய கோபுரம் வந்த பிறகு தொலைவிலிருந்து வீட்டுக்குத் திரும்பும் ஒருவருக்கு ஊர் முதலில் கண்ணில் பட்டது. இது நிச்சயம்.

1940 மார்ச்சில் நடுவண் அரசு தலையிட்டு ஃபிரெஸ்கோவைப் பதவியிலிருந்து இறக்கியது. பணம் நின்றது. கட்டடங்களும் நின்றன. துக்குமான் மாகாணத்தில் சாலைத்தளம் போடும் ஒப்பந்தம் ஒன்றில் முறைகேடு என்று சலமோனேமேல் குற்றச்சாட்டு வந்தது. 1943-இல் உருகுவேக்குப் போய்விட்டார். மறுபடியும் நாடு விட்டு நாடு. பிற்பாடு குற்றமற்றவர் என்று விடுவிக்கப்பட்டு அர்ஜென்டினா திரும்பினார். ஆனால் அந்த நான்கு வருடம் திரும்பவில்லை. புவெனோஸ் ஐரெசில் ஓரிரு அடுக்குமாடிக் குடியிருப்புகள் கட்டினார். அமைதியான, வெட்டிச் சாய்த்த மாதிரி எளிமையான கட்டடங்கள். ஒன்றை அல்வியார் நிழற்சாலையில் தேடிப் போய்ப் பார்த்தேன். நல்ல கட்டடம். ஆனால் பக்கத்துக் கட்டடங்களோடு சேர்ந்து நிற்கிறது. யார் கட்டியது என்று யாரும் கேட்கமாட்டார்கள். 1959 ஆகஸ்டில் இறந்தார்.

அதற்குப் பிறகு முப்பது வருடம் மௌனம். அர்ஜென்டினாக் கட்டடக்கலையைப் பற்றிப் பேசியவர்கள் தலைநகரைப் பற்றிப் பேசினார்கள். உள்ளூர்களின் பக்கம் திரும்பியவர்களுக்கு, மோசடி ஆளுநரின் காலத்துச் சிமெண்ட் பூதங்கள் என்ற எண்ணம் இருந்திருக்கலாம். 1990-களில்தான் ஆல்பெர்த்தோ பெல்லூச்சி போன்ற ஆய்வாளர்கள் எழுதத் தொடங்கினார்கள். புகைப்படக்காரர்கள் ஊர் ஊராகப் போய் எடுத்துவந்தார்கள். பிறகு பாரம்பரியச் சின்னங்கள் என்ற அங்கீகாரமும் வந்தது. இப்போது சலமோனே பார்ப்பதற்கென்றே வண்டி எடுத்துக்கொண்டு சுற்றுபவர்கள் இருக்கிறார்கள்.

ஃபிரெஸ்கோ விஷயம் எனக்குள் தீரவில்லைதான். அசூல் நண்பரிடம் இதைப் பேசினேன். அவருடைய தாத்தா அந்தத் தேர்தல்களில் வாக்களிக்க விடாமல் விரட்டப்பட்ட கட்சிக்காரர். "தாத்தாவும் அந்த வாசல் வழியாகத்தான் உள்ளே போனார். ஃபிரெஸ்கோவுடையது என்று நாங்கள் யாரும் சொல்வதில்லை. எங்கள் வாசல் என்றுதான் சொல்வோம்" என்றார். எனக்கு இதைவிட நல்ல பதில் தோன்றவில்லை. கட்டியவனின் நோக்கத்தைக் காலம் கழுவிவிடும் என்று நான் வாதிட வரவில்லை. நோக்கம் தெரிந்தே அந்த ஊர்கள் அந்தக் கட்டடங்களை எடுத்துக்கொண்டிருக்கின்றன. எண்பது வருடம் அங்கே வரி கட்டி, பிறப்பைப் பதிந்து, பெற்றவர்களைப் புதைத்து எடுத்துக்கொண்டிருக்கின்றன.

கடைசியாகப் போனது மாகாணத்தின் மேற்கே, கார்வேக்கு. பக்கத்தில் எபெக்குவேன் ஏரி. கடலைவிடப் பல மடங்கு உப்பு. ஏரிக்கரையில் விய்யா எபெக்குவேன் என்ற உல்லாச ஊர் ஒரு காலத்தில் இருந்தது. உப்பு நீரில் குளித்தால் மூட்டு வலி போகும் என்று தலைநகரிலிருந்து ரயிலில் வருவார்கள். 1985 நவம்பர் 10 அன்று கரை உடைந்தது. மக்கள் தப்பிவிட்டார்கள், ஊர் மூழ்கியது. பல வருடம் தண்ணீருக்கு அடியிலேயே கிடந்தது. வடிந்தபோது வெளியே வந்தது வெளுத்த சுவர்களும் உப்பில் செத்துக் காய்ந்த மரங்களும்தான்.

அந்தச் செத்த மரங்களுக்கு நடுவே சலமோனேயின் இறைச்சிக்கூடம் நிற்கிறது. கூரை இல்லை. கோபுரம் மட்டும் அசையாமல். அதில் 'மத்தாதேரோ' என்ற எழுத்துகள். பக்கத்தில் போய்த் தொட்டுப் பார்த்தேன். காரை பெயர்ந்த இடங்களில் கம்பி துருவேறி ஊதி, கான்கிரீட்டை வெளியே தள்ளியிருந்தது. உப்பு கம்பியைத் தின்னும் விதம் அப்படித்தான். ஆனால் பூச்சு உதிர்ந்த இன்னொரு இடத்தில் சென்ட்ரிங் பலகையின் தடம் தெளிவாகத் தெரிந்தது. மரத்தின் ரேகை, ஒரு முடிச்சு, இரண்டு பலகை சேரும் இடத்தில் கலவை கசிந்து உறைந்த மெல்லிய கோடு. பெயர் தெரியாத ஒரு தச்சர் எண்பது வருடத்துக்கு முன்பு அடித்த பலகை. கோடு நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது. சின்ன ஊர்தானே என்று அவரும் நினைக்கவில்லை.

திரும்பும்போது கார்வே மன்றக் கட்டடத்துக்குள் போனேன். திங்கட்கிழமை காலை. உள்ளே விளக்குகள், மேசைகள், நாற்காலிகள் வரை சலமோனே வரைந்தவை, இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன என்று கேள்விப்பட்டிருந்தேன். கண்ணாடிக்குப் பின்னால் வைத்திருப்பார்கள் என்றுதான் எதிர்பார்த்தேன். அப்படி எதுவும் இல்லை. கூடத்தில் ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். ஒரு பெரியவர் தன் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கைக்குழந்தையோடு ஒரு பெண் ஏதோ படிவத்தைப் பூர்த்தி செய்துகொண்டிருந்தார். காலியாக ஒரு நாற்காலி இருந்தது. கையை வைக்கும் இடத்தில் மரம் தேய்ந்து பளபளத்தது. உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து ஒரு குரல் அடுத்த பெயரைக் கூப்பிட்டது. பெரியவர் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்து போனார்.